அண்மையில் கற்ற சில



கடந்த பள்ளி விடுமுறையின்போது என் தங்கை மகனை ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குச் சென்றுகொண்டிருந்தேன். அன்று நான் ஓட்டியது என் கணவரின் மகிழுந்து. வழியில் எண்ணெய் நிலையத்திற்குள் நுழைந்து, இறங்கிப் பார்த்தால் எண்ணெய்த் தொட்டியின் வாய் மறுபக்கத்தில் இருக்கிறது! மீண்டும் ஏறி, வளைத்துத் திருப்பி நிறுத்துவதற்குள் பின்னால் வந்தவர் ஒலியெழுப்பிவிட்டார். பதினான்கு வயதுப் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "பெரியம்மா, எண்ணெய் அளவு காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய முக்கோணம் இருக்கிறது, பாருங்கள். அது எந்தப் பக்கத்தைக் காட்டுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும்."

பார்த்தேன். இருந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மகிழுந்து ஓட்டுகிறேன். நாள்தோறும் என் கண்முன் இருந்த முக்கோணம் அது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். 1986-ஆம் ஆண்டில் ஃபோர்டு நிறுவனத்தில் பணியாற்றிய ஜிம் மொய்லன் என்பவர், அலுவலக மகிழுந்து ஒன்றுக்கு எண்ணெய் ஊற்றச் சென்று, என்னைப்போலவே தவறான பக்கத்தில் நிறுத்தி மழையில் நனைந்திருக்கிறார். திரும்பி வந்தவர் ஈர உடையோடு உட்கார்ந்து, இப்படி ஒரு குறி இருந்தால் நல்லது என்று மேலிடத்திற்குக் குறிப்பு எழுதினார். 1989-ஆம் ஆண்டு வகை மகிழுந்துகளில் அது இடம்பெற்றது. பிறகு மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. நானாக இருந்தால் நனைந்ததற்கு எரிச்சல்பட்டுவிட்டு அத்தோடு விட்டிருப்பேன்.

அன்றுமுதல் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அண்மையில் புதிதாக அறிந்த சின்னச் சின்ன செய்திகளை அதில் எழுதி வருகிறேன். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. அன்றாடம் கண்ணில் படுபவை, காதில் விழுபவை. பக்கங்கள் நிறைய நிறைய, நாற்பது வயதைத் தாண்டிய ஓர் ஆசிரியை இத்தனை காலம் எதையெல்லாம் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்ற வெட்கமும், கூடவே ஒரு கேள்வியும் எழுந்தன. அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் குறிப்பேட்டிலிருந்து சில.

பேனா மூடியின் நுனியில் ஒரு துளை இருக்கிறதல்லவா? மை உலராமல் இருக்கத்தான் மூடி. பிறகு அதில் எதற்குத் துளை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மூடியைக் கடிக்கும் மாணவர்களிடமிருந்து பேனாவைப் பிடுங்கி மேசைமேல் வைப்பதுதான் என் வழக்கம். அப்படி மேசையில் சேர்ந்த ஏழெட்டுப் பேனாக்களை ஒருநாள் திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான் எல்லாவற்றிலும் துளை இருப்பதைக் கவனித்தேன். பேனா தயாரிக்கும் பிக் நிறுவனம் இதற்கு விளக்கம் தந்திருக்கிறது. குழந்தை தவறுதலாக மூடியை விழுங்கி அது மூச்சுக்குழாயில் சிக்கிக்கொண்டால், உதவி கிடைக்கும்வரை அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் காற்றாவது செல்லும். இதற்கென்று அனைத்துலகத் தரநிலையே உண்டு. மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னேன். அன்றுமுதல் மூடி கடிப்பது குறைந்திருக்கிறது. என் அதட்டலால் இத்தனை ஆண்டுகளாகக் குறையாதது!

அடுத்தது கொஞ்சம் வருத்தமான செய்தி. மலாய்மொழிக்குத் தமிழ் தந்த சொற்களைப் பட்டியலிட்டு மாணவர்களைப் பெருமைப்பட வைப்பது நம்மில் பலருக்கும் பிடித்தமான செயல். கப்பல் 'காப்பால்' ஆனது, கடை 'கெடாய்' ஆனது, பெட்டி 'பெட்டி'யாகவே இருக்கிறது, கட்டில் 'காட்டில்' ஆனது. இவை சரியானவை. ஆனால், நான் என் பட்டியலில் துவாலை என்பதையும் அலமாரி என்பதையும் சேர்த்துப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வந்தேன். மலாயில் 'துவாலா', 'அல்மாரி' என்கிறார்களே, எனவே நம்மிடமிருந்துதான் சென்றிருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "டீச்சர், சன்னலை மலாயில் 'ஜெண்டேலா' என்கிறார்களே, அதுவும் நம் சொல்தானா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவள், ஏனோ நிறுத்தி, அகராதியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நல்லவேளை! சன்னல், அலமாரி, துவாலை மூன்றுமே போர்த்துகீசியச் சொற்கள். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தார். 1511-இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். அந்தக் கரையில் தமிழனும் இந்தக் கரையில் மலாய்க்காரரும் ஒரே வணிகரிடமிருந்து ஒரே சொல்லைத் தனித்தனியாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். தமிழில் 'சாவி'யும் அப்படி வந்ததுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் காலணியைச் 'சப்பாத்து' என்பார்களே, அதுவும் அப்படியே. நாம் கொடுத்தோம் என்று சொல்வதைவிட, இருவரும் ஒரே கடையில் வாங்கினோம் என்பது சுவையான கதை என்றே எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும், என்னிடம் படித்துச் சென்ற எத்தனையோ பிள்ளைகள் இன்றும் துவாலை தமிழ்ச்சொல் என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். அவர்களை எங்கே போய்த் தேடித் திருத்துவது?

எங்கள் பள்ளியில் மலாய்மொழி கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் சரவாக்கின் முக்கா பகுதியைச் சேர்ந்தவர்; மெலனாவ் இனத்தவர். தீபாவளி விருந்தில் பாயசத்தைச் சுவைத்தவர், அதிலிருந்த சவ்வரிசியைப் பார்த்துவிட்டு, "இது எங்கள் ஊர் மரத்திலிருந்து வந்ததா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கு மாவில் செய்வதுதானே? தமிழ்நாட்டில் சேலத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால், உண்மையான 'சாகு' என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைப் பனையின் உள்தண்டிலிருந்து எடுக்கும் மாவாம். அந்தப் பனை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பூக்கும், பூத்தபின் பட்டுப்போகும். பூப்பதற்குச் சற்று முன்னால், தண்டில் மாவு நிறைந்திருக்கும் நேரம் பார்த்து வெட்டுவார்களாம். ஆங்கிலத்தின் 'சேகோ' மலாயின் 'சாகு'விலிருந்து சென்ற சொல். அவர் சொல்லச் சொல்ல, அந்தப் பாயசக் கிண்ணத்தை நான் வேறு கண்ணோடு பார்த்தேன்.

அந்த ஆசிரியை பேச்சோடு பேச்சாக, "மரம் என்று சொல்கிறோம், ஆனால் உள்ளே மரமே இல்லை; எல்லாம் நாரும் மாவும்தான்" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. காரணம், அதற்குச் சில மாதங்களுக்கு முன் என் வகுப்பில் நடந்த ஒன்று.

நான்காம் ஆண்டு அறிவியல் பாடம். தாவரங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாடநூலில் இல்லாவிட்டாலும் சுவைக்காக, "ஒரு மரத்தை வெட்டினால் உள்ளே வளையங்கள் தெரியும், அவற்றை எண்ணினால் மரத்தின் வயதைச் சொல்லிவிடலாம்" என்றேன். கடைசி வரிசையில் உட்காரும் மாணவன் ஒருவன் கையுயர்த்தினான். அதிகம் பேசாத பிள்ளை. "டீச்சர், செம்பனையில் வளையம் இருக்காது" என்றான். எல்லா மரத்திலும் இருக்கும் என்றேன். "இல்லை டீச்சர், அப்பா தள்ளுகிற மரத்தை நான் பார்த்திருக்கிறேன்" என்றான். அவனுடைய தந்தை தோட்டத்தில் மறுநடவு வேலைக்கு இயந்திரம் ஓட்டுபவர். செம்பனை இருபத்தைந்து ஆண்டுகள் ஆனதும் குலை வெட்ட முடியாத உயரத்திற்குப் போய்விடும், காய்ப்பும் குறையும். பழையவற்றைத் தள்ளிவிட்டுப் புதிதாக நடுவார்கள். அந்தப் பையன் விடுமுறை நாளில் தந்தையோடு சென்று, துண்டு துண்டாகக் கிடக்கும் தண்டுகளின்மேல் ஏறி விளையாடியவன்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாடத்தைக் கவனி. உட்கார்."

வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு பல வாரங்கள் அவன் கையுயர்த்தவே இல்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை என்பதுதான் இதில் பெரிய குற்றம்.

சாகுப்பனையைப் பற்றிக் கேட்டபின் வீட்டிற்கு வந்து படித்தேன். பையன் சொன்னதே சரி. செம்பனை, தென்னை, பனை, கமுகு ஆகியவை எல்லாம் புல், நெல், மூங்கில் ஆகியவற்றோடு சேர்ந்த ஒருவித்திலைத் தாவரங்கள். மற்ற மரங்களைப்போல் ஆண்டுதோறும் தண்டின் சுற்றளவில் புதிய அடுக்கு சேர்வதில்லை. எனவே வளையம் கிடையாது. வெட்டிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக நார்தான் தெரியும். அது மட்டுமன்று. பனி, கோடை என்று பருவம் மாறும் நாடுகளில் மரவளையங்கள் தெளிவாக விழும். ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் உள்ள நம் நாட்டில் பல மரங்களில் அவற்றைத் தெளிவாகக் காண்பதே அரிது. எங்கோ குளிர்நாட்டில் எழுதப்பட்ட ஒரு செய்தியை, பள்ளி வேலிக்கு அப்பால் ஆயிரக்கணக்கில் நிற்கும் செம்பனையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், நான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதைவிட என்னைத் தலைகுனிய வைத்தது வேறொன்று. இந்தச் செய்தியை நான் ஏற்கெனவே படித்தவள்! ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் தொல்காப்பியம் மரபியல் பகுதியைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். வெளிப்புறத்தில் வைரம் உடையவற்றைப் 'புல்' என்றும், உள்ளே வைரம் உடையவற்றை 'மரம்' என்றும் தொல்காப்பியர் பிரித்திருக்கிறார். தென்னையும் பனையும் மூங்கிலும் அவர் கணக்கில் புல். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை என்னும் சொற்களைப் புல்லோடு சேர்த்துச் சொல்கிறார். சிந்தித்துப் பாருங்கள், நண்பர்களே. நம் தோட்டத்து மக்கள் செம்பனையைப் பற்றிப் பேசும்போது என்ன சொற்களைப் பயன்படுத்துகிறார்கள்? செம்பனை ஓலை, செம்பனைப் பாளை, செம்பனைக் குலை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த தாவரத்தைத் தொல்காப்பியர் கண்டதில்லை. தொல்காப்பியத்தைத் தோட்டத்துத் தொழிலாளி படித்ததில்லை. இருந்தும் சொல் சரியாக வந்து பொருந்தியிருக்கிறது. தேர்வில் அந்த நூற்பாவுக்கு முழுமதிப்பெண் வாங்கிய நான்தான் பொருந்தாமல் நின்றேன்.

இன்னொரு சிறு தகவலும் குறிப்பேட்டில் இருக்கிறது. நம் நாட்டில் செம்பனையை முதன்முதலாக வணிக அடிப்படையில் 1917-இல் நட்டது சிலாங்கூரிலுள்ள ஒரு தோட்டத்தில். நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்காக 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் பரிசைப் பெற்றவரும் இவரே. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம் தோட்டம்! மரமல்லாத ஒன்றின் பெயரில் 'மரம்' இருக்க, அங்கே மரமல்லாத இன்னொன்றை நட்டிருக்கிறார்கள். தொல்காப்பியர் கேட்டால் என்ன சொல்வாரோ!

திங்கட்கிழமை வகுப்புக்குச் சென்றதும் முதல் வேலையாக அந்த மாணவனை எழுந்து நிற்கச் சொன்னேன். பயந்துபோய் எழுந்தான். "அன்று நீ சொன்னதுதான் சரி. டீச்சர் சொன்னது தவறு. உன்னைப் பேசவிடாமல் உட்கார வைத்ததும் தவறு" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். வகுப்பில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. பிறகு அவனையே முன்னால் வரச்சொல்லி, செம்பனைத் தண்டின் உள்ளே எப்படி இருக்கும் என்று வெண்பலகையில் வரையச் சொன்னேன். வட்டம் போட்டு அதற்குள் புள்ளிகளாக நிரப்பினான். ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் கலக்கமாகவும் வைத்தான். அதற்குமுன் தாவரவியல் படத்தில் நான் பார்த்ததும் அப்படியே இருந்தது.

அன்று கேள்விகள் கொட்டின. மூங்கில் புல் என்றால் கரும்பு? கரும்பும் புல்தான். வாழை? வாழைக்கு உள்ளேயும் வைரமில்லை, வெளியேயும் வைரமில்லை; அதன் தண்டு என்று நாம் நினைப்பது ஒன்றன்மேல் ஒன்று சுருண்ட இலைமட்டைகள் என்பதை நானும் ஒரு மாணவியும் சேர்ந்தே தேடிக் கண்டுபிடித்தோம். அப்படியானால் வாழையைப் புல்லில் சேர்ப்பதா மரத்தில் சேர்ப்பதா என்ற வழக்கு நான்காம் ஆண்டு வகுப்பில் இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது.

அன்று மாலையே பெற்றோர் புலனக் குழுவில் ஒரு செய்தி வந்தது. "ஆசிரியரே தெரியாது என்றும் தவறு என்றும் சொன்னால் பிள்ளைகள் எப்படி மதிப்பார்கள்? தெரியாதவர்களை எதற்குப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள்?" அதற்குக் கீழே நான்கைந்து கட்டைவிரல்கள். மறுநாள் நிர்வாகத்திலிருந்தும் அன்பாகத்தான் சொன்னார்கள்: "நீங்கள் செய்தது சரிதான், ஆனாலும் கொஞ்சம் கவனமாகப் பேசுங்கள்."

குறிப்பேடு எழுப்பிய கேள்வி என்றேனே, அது இதுதான். ஆசிரியருக்குத் 'தெரியாது' என்று சொல்லும் உரிமை உண்டா, இல்லையா?

உண்டு என்பதே என் கருத்து. உண்டு என்பது மட்டுமன்று, நம் பிள்ளைகள் அதைக் காதால் கேட்க வேண்டும் என்றும் கருதுகிறேன்.

அந்தப் பெற்றோரின் கவலையை நான் அலட்சியப்படுத்தவில்லை. தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவதே ஒரு நம்பிக்கையில்தான். பக்கத்து வீட்டுக்காரர் வேறு பள்ளிக்கு அனுப்பும்போது, "இங்கே தரம் எப்படி?" என்ற கேள்வியை நாள்தோறும் எதிர்கொள்பவர்கள் அவர்கள். ஆசிரியர் தடுமாறினார் என்று கேட்டால் நெஞ்சு பதறத்தான் செய்யும். அதுபோலவே, கற்பிக்க வேண்டிய பாடத்தை ஆயத்தம் செய்யாமல் வந்து 'தெரியாது' என்பது நேர்மையன்று. அது கடமை தவறுதல். பின்னத்தைக் கற்பிக்க வந்தவருக்குப் பின்னம் தெரிந்திருக்க வேண்டும். அதற்குச் சாக்கு கிடையாது.

நான் சொல்வது வேறு. பாடநூலின் ஓரத்தைத் தாண்டி ஒரு பிள்ளை கேட்கும்போது, அல்லது தான் கண்ணால் கண்டதைச் சொல்லும்போது, நமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் மூடிவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன். பயிற்சிக் கல்லூரியில் ஒரு விரிவுரையாளர், "வகுப்பில் தடுமாறாதீர்கள்; ஒருமுறை தடுமாறினால் பிடி போய்விடும்" என்பார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். முதல் ஆண்டு ஆசிரியருக்கு அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால், இருபது ஆண்டுகள் கழித்தும் அந்த அச்சத்தையே பிடித்துக்கொண்டிருந்தால், நம் முன்னால் இருக்கும் பிள்ளையைவிட நம் பிடிதான் நமக்குப் பெரிதாகிவிடுகிறது. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வை அரசு நீக்கிவிட்டது. நம் மனத்திற்குள் உட்கார்ந்திருக்கும் தேர்வு மண்டபம் இன்னும் மூடப்படவில்லை. ஒரு கேள்விக்கு ஒரு விடை, அந்த விடை ஆசிரியரிடம் மட்டும் இருக்கும் என்ற பழக்கத்திலேயே பெற்றோரும் நாமும் இருக்கிறோம்.

பிடி போய்விடுமோ என்று நானும் அஞ்சினேன். போகவில்லை. "பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொன்னால், மறுநாள் காலை சபைகூடலிலேயே வந்து "டீச்சர், பார்த்தீர்களா?" என்று கேட்கிறார்கள். சொன்னபடி பார்த்துவிட்டு வருவதுதான் கடினமாக இருக்கிறது! சில மாலைகளில் குறிப்பேடுகள் திருத்தி முடித்து, இணையத்தளத்தில் பதிய வேண்டியவற்றைப் பதிந்து முடித்தபின் இதற்கு நேரம் ஏது? உண்மைதான். ஒரு வாரத்திற்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளின் வீட்டில் இருக்கும் அறிவை நாம் அறிவாகவே மதிப்பதில்லை. இயந்திரம் ஓட்டும் தந்தைக்கும், உணவங்காடி நடத்தும் தாய்க்கும், பள்ளி வாயிலில் நிற்கும் பாதுகாவலருக்கும் தெரிந்தவை ஏராளம். எங்கள் பாதுகாவலர் அண்ணன்தான், வாயில் பூட்டின் அடியிலுள்ள சிறு துளை மழைநீர் வடிவதற்கும் எண்ணெய் விடுவதற்கும் என்று எனக்குக் காட்டினார். அந்த மாணவனுக்கு அறிவியலில் குறைந்த மதிப்பெண்தான். ஆனால், எங்கள் பள்ளியில் செம்பனைத் தண்டின் உள்ளே பார்த்திருந்தவன் அவன் ஒருவனே. அவனை உட்கார வைத்தபோது அவன் தந்தையையும் சேர்த்து உட்கார வைத்தேன்.

இதை எழுதும்போது என் கை நடுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான்.

செம்பனையைப் பற்றிப் படித்துக்கொண்டே போனபோது ஒரு வண்டைப் பற்றிய செய்தி கண்ணில் பட்டது. செம்பனையில் ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு குலைகளில், வெவ்வேறு காலத்தில் வரும். காற்று மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கும் என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தார்கள். ஆனால், நம் நாட்டுத் தோட்டங்களில் காய் சரியாகப் பிடிக்கவில்லை. எனவே ஆள்களை வைத்து, மகரந்தத்தைப் பவுடரோடு கலந்து, பெண்பூவின்மேல் தூவச் செய்தார்கள். ஆப்பிரிக்காவில் அந்த வேலையைச் செய்தது காற்றன்று, அரிசிமணியைவிடச் சிறிய ஒரு வண்டு என்பது பிறகு தெரிந்தது. கமெரூன் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட அந்த வண்டை 1981-இல் மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள். அது வேகமாகப் பெருகியது. தூள் தூவும் வேலை அத்தோடு முடிந்தது.

படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் அம்மா அந்த வேலையைச் செய்தவர். "கல்யாணமான புதிதில் பூவுக்குத் தூள் அடிக்கும் வேலை பார்த்தேன்" என்று நூறுமுறை சொல்லியிருக்கிறார். ஏதோ பூச்சிமருந்து போலும் என்று நினைத்து, ஒருமுறைகூட என்ன ஏது என்று நான் கேட்டதில்லை. நான் பிறந்தது 1981 இறுதியில். பிள்ளைப்பேறு முடிந்து திரும்பிப் போனபோது, "இனி அந்த வேலை இல்லை, புல் வெட்டப் போ" என்றார்களாம். கைக்குழந்தைக்காரி என்பதால்தான் நல்ல வேலையை எடுத்துவிட்டு வெயிலில் தள்ளினார்கள் என்று அம்மா இத்தனை ஆண்டுகளும் நம்பியிருந்தார். பிறகு உதிரிப்பழம் பொறுக்கினார். என்மேல் கோபமாகச் சொன்னதில்லை. "நீ பிறந்த நேரம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சிரித்துக்கொண்டேதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சென்று அம்மாவிடம் வண்டின் கதையைச் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியென்றால் எல்லாருக்குமா அந்த வேலை போனது?" என்று கேட்டார். எல்லாருக்கும்தான் அம்மா என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, தன் கூட வேலை செய்த பெண்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். தூளை எப்படிக் கலப்பார்கள், பாளையை எப்படி விலக்கிப் பிடிப்பார்கள், முள் எங்கே குத்தும் என்று கையை அசைத்துக் காட்டினார். "ஆண்பூ சோம்பு வாசனை அடிக்கும்டி. வீட்டுக்கு வந்து குளித்தாலும் போகாது" என்றார்.

அந்த வாசனையைத் தேடித்தான் வண்டு வருகிறது என்று நான் அதற்கு முதல்நாள்தான் படித்திருந்தேன். ஆண்பூவில் வாழும் வண்டு, அதே வாசனையை இலேசாக வீசும் பெண்பூவுக்கும் ஏமாந்து சென்றுவிடுகிறது. உடம்பில் ஒட்டிய மகரந்தம் அங்கே சேர்கிறது. அம்மா எந்தப் புத்தகமும் படிக்காமல் அந்த வாசனையோடு வாழ்ந்திருக்கிறார்.

இதை நான்காம் ஆண்டு வகுப்பில் சொன்னேன். செம்பனைத் தண்டை வரைந்த அந்த மாணவன்தான் முதலில் கையுயர்த்தினான். "டீச்சர், உங்கள் பாட்டியை... இல்லை, உங்கள் அம்மாவை வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு வருவீர்களா?" என்று கேட்டான். வீட்டில் சொன்னபோது, "எனக்கு எழுதப் படிக்கவே ஒழுங்காகத் தெரியாதே, பள்ளிக்கூடத்தில் வந்து நான் என்ன பேசுவது?" என்று அம்மா மறுத்தார். மூன்று நாள் கழித்து அவரே கைப்பேசியில் அழைத்து, எந்தச் சேலை கட்டிக்கொண்டு வருவது என்று கேட்டார். வரும் வெள்ளிக்கிழமை இரண்டாவது பாடவேளை. நிர்வாகத்திடம் அனுமதிக் கடிதம் கொடுத்துவிட்டேன். தோட்டத்திலிருந்து ஓர் ஆண்பூக்குலை கொண்டுவருவதாக அந்த மாணவனின் தந்தை சொல்லியிருக்கிறார்.